இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே

ஜனவரி 30, திங்கள்

மிஸ்ஸஸ் பாய்வாவுக்குப் பென்ஷன் போதவில்லை, அதனால் இதய மாத்திரையை இரண்டாக உடைத்துச் சாப்பிடுகிறாள் என்று அடுத்த வீட்டு ரெஜினா கோயில் வாசலில் நின்று சொல்லியிருக்கிறாள். இது தவறு. நான் எந்த மாத்திரையையும் உடைத்தது கிடையாது. உடைத்தால் தூள் கொட்டி வீணாகும். டாக்டர் காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று எழுதினார். நான் காலையில் ஒன்று எடுத்துக்கொள்கிறேன். முழுதாக, வெந்நீருடன். செப்டம்பரிலிருந்து இதுதான் வழக்கம். நன்றாகத்தான் இருக்கிறேன்.

ரெஜினா மாதா சபைத் தலைவி. அந்தப் பொறுப்பில் இருப்பவள் ஒரு விஷயத்தைச் சொன்னால் சரியாகச் சொல்ல வேண்டும்.

திரைச்சீலைகளைத் துவைத்தேன். இரண்டு கொக்கிகளைக் காணோம்.

பிப்ரவரி 2, வியாழன்

காலை எட்டே காலுக்கு இடது கையில் இருந்த பீங்கான் தட்டு கீழே விழுந்தது. தட்டை நான் விடவில்லை, கைதான் விட்டது. பிறகு அந்தக் கை ஏழு நிமிடம் என்னுடையதாக இல்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு இருபத்திரண்டுக்குத் திரும்பி வந்தது. தூங்கும்போது கையை மடக்கி வைத்திருந்திருப்பேன்.

தட்டு என் வீட்டுக்காரர் கொழும்பிலிருந்து வாங்கி வந்த செட். இனி ஐந்து.

பிப்ரவரி 3, வெள்ளி

டாக்டர் வான்மதியிடம் போனேன். ஈரோட்டுப் பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். யாரிடமும் குரலை உயர்த்துவதில்லை. எனக்குப் பிடித்த குணம். தட்டு விழுந்ததைச் சும்மா பேச்சுக்குச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"மாத்திரையை எப்படீங்கம்மா சாப்பிடறீங்க?"

"காலையில ஒண்ணு."

"ராத்திரி?"

"ராத்திரி ஜெபமாலை சொல்லிட்டுப் படுத்துருவேன்."

"நான் ஜெபமாலையை எழுதித் தரலீங்களேம்மா. மாத்திரையைத்தானுங்க எழுதினேன்."

பிறகு ஒரு தாளில் இதயத்தை வரைந்து காட்டினார். படம் சுமார்தான், விளக்கம் தெளிவு. என் இதயம் தாளம் தப்பி அடிக்கிறது. அப்படி அடித்தால் ரத்தம் ஒரு மூலையில் தேங்கிக் கட்டியாகும். கட்டி மூளைக்குப் போனால் கை, கால், பேச்சு எல்லாம் போகும். நேற்றைய ஏழு நிமிடம் அதற்கான முன்னறிவிப்பு. கட்டி சேராமல் ரத்தத்தை இளக்கி வைக்கும் மாத்திரையை ஆயுளுக்கும் சாப்பிட வேண்டும், ஒரு வேளை கூட விடக் கூடாது.

"விலை கட்டுப்படலீங்களா?" என்று கேட்டார். கூரையைப் பார்த்தேன். அவர் மேலே கேட்கவில்லை, ஆனால் ரெக்ஸுக்குப் போன் போட்டுவிட்டார்.

ரெக்ஸ் என் ஒரே மகன். சென்னையில், பதினோராவது மாடியில் இருக்கிறான். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்துக்காரர்களின் துணிகள் தெரியும்.

"மம்மி, ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் வாங்கி அனுப்பிருப்பேன்ல."

"கேட்டு வாங்கிப் பழக்கம் இல்ல, ரெக்ஸ்."

"அப்போ வீட்டப் பூட்டிட்டு இங்க வந்துருங்க. என் கண்ணு முன்னால சாப்பிடுங்க."

டாக்டர்தான் மூன்றாவது வழி சொன்னார். பழைய மாத்திரை ஒன்று இருக்கிறது. மிகவும் மலிவு. ஆனால் ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் வேலை செய்யும் அளவு மாறும். அதனால் வாராவாரம் ரத்தம் கொடுத்து ஐ.என்.ஆர். என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். மற்றவர்களுக்கு அது ஒன்று. எனக்கு இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே நிற்க வேண்டும். இரண்டுக்குக் கீழே இறங்கினால் கட்டி தட்டும். மூன்றுக்கு மேலே ஏறினால் ரத்தம் கசியும். பரிசோதனை, ஆட்டோ எல்லாம் சேர்த்தாலும் இப்போது சாப்பிடும் புதிய மாத்திரையின் விலையில் மூன்றில் ஒரு பங்குதான் ஆகும்.

ரெக்ஸ் ஒரு நிபந்தனை போட்டான். ஈஸ்டர் முடிந்து வரும் செவ்வாய்க்கிழமை, ஏப்ரல் 11, என் எண் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே இருந்தால் என் வீட்டில் என் பென்ஷனில் இருக்கலாம். இல்லாவிட்டால் புதிய மாத்திரை, அவன் பணம், பதினோராவது மாடி.

ஒப்புக்கொண்டேன். ஒரு எண்ணைச் சரியான இடத்தில் நிறுத்துவது எனக்குப் பெரிய காரியமா?

பிப்ரவரி 7, செவ்வாய்

ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு ஆறரைக்குப் போனேன். மீரான் என்ற பையன் போல இருக்கும் மனிதர் ரத்தம் எடுக்கிறார். இரண்டு பெண்ணுக்குத் தகப்பனாம். கை சுத்தம். நகம் சுத்தம்.

மின்சாரம் போய் மின்விசிறி நின்றபோது எங்கேயோ ஒரு கடிகாரம் டிக் டிக் என்றது. சுவர்களைப் பார்த்தேன். கடிகாரம் இல்லை. பக்கத்து நாற்காலிக்காரர் நெஞ்சைத் தட்டிக் காட்டினார்.

"தேடாதிய அக்கா. அது நாந்தான்."

லதிஸ்லாஸ் மச்சாது. துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து ஆறு வருடம். பத்தொன்பது வருடத்துக்கு முன் இதயத்தில் இரும்பு வால்வு வைத்திருக்கிறார்கள். அதற்குப் புதிய மாத்திரை ஆகாதாம், பழையதுதான்.

"ராத்திரி ஒறக்கம் வரலன்னா இதத்தான் எண்ணிக்கிட்டுக் கெடப்பேன். நின்னா சொல்லுங்கன்னு யார்ட்டயும் சொல்ல வேண்டியதில்ல பாத்தியளா, எனக்கே தெரிஞ்சிரும்."

இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. சிரித்தேன்.

என் எண் 1.5. மாத்திரை தொடங்கி நாலு நாள்தானே.

பிப்ரவரி 14, செவ்வாய்

2.1.

பிப்ரவரி 21, செவ்வாய்

2.4. மீரான் தாளைக் கொடுக்கும்போது, "எம்மா, நட்ட நடுவுல நிக்கிய" என்றார். மச்சாது எழுந்து நின்று கை தட்டினார். அநாவசியம். வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோக்காரரிடமும் சொன்னேன், அவர் கேட்காமலேயே.

நாளை சாம்பல் புதன். மீன்காரி இன்று கடைசி என்று விளமீன் கொடுத்துவிட்டுப் போனாள். புளிக்குழம்பு வைத்தேன்.

பிப்ரவரி 22, புதன்

நெற்றியில் சாம்பல் வாங்கி வந்தேன். எங்கள் தெருவில் தவக்காலம் நாற்பது நாளும் மீன் இல்லை, கறி இல்லை, முட்டை இல்லை. முருங்கைக் கீரைதான். ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் மரம் நிற்பது அதற்காகத்தான் என்று நினைக்கும்படி எல்லா வீட்டிலும் கீரை வாசம். மற்றவர்கள் மதியம் மட்டும் சாப்பிடுவார்கள். நான் இரண்டு வேளையும். செய்வதைத் திருந்தச் செய்ய வேண்டும்.

பிப்ரவரி 28, செவ்வாய்

2.0. விளிம்பு.

மார்ச் 7, செவ்வாய்

1.6.

டாக்டர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மாத்திரையை விட்டீங்களாம்மா?"

"ஒரு வேள கூட விடல." இந்த முறை உண்மை. இது உண்மை என்பதை அவர் நம்ப வேண்டுமே என்று தவிப்பாக இருந்தது. நம்பாமல் இருக்க நானே காரணம் கொடுத்திருக்கிறேன்.

"சாப்பாட்டுல ஏதாவது மாத்தினீங்களா?"

"இல்ல."

மாத்திரையின் அளவைக் கூட்டினார்.

மார்ச் 8, புதன்

சமையல் வாயு வந்தது. கீரை ஆய்ந்தேன். வேறு விசேஷம் இல்லை. பதினோராவது மாடியில் முருங்கை வளருமா?

மார்ச் 14, செவ்வாய்

1.5! அளவைக் கூட்டிய பிறகும்!

நான் மட்டும் இல்லை. கூடத்தில் ஒன்பது பேர். ஆறு பேருக்கு எண் இறங்கியிருக்கிறது. எல்லாருக்கும் டாக்டர் அளவைக் கூட்டியிருக்கிறார். மீரான் முகம் வெளுத்துவிட்டது.

"மெஷின்ல கோளாறு இல்லம்மா. என் ரத்தத்தையே விட்டுப் பாத்துட்டேன். ஒழுங்கா ஒண்ணுதான் காட்டுது."

இறங்காதவர்கள் மூன்றே பேர். கோவில்பட்டியிலிருந்து வரும் ஓய்வுபெற்ற தாசில்தார், 2.5. மச்சாது, 2.9. ரெஜினா, 2.6. ரெஜினாவுக்கும் என் போல் தாளம் தப்பிய இதயம்தான்.

"பக்தியா இருக்கணும் செலஸ்டினா, எல்லாம் சரியா நிக்கும்" என்றாள் ரெஜினா, தாளை விசிறிக்கொண்டே.

என் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். இன்னும் நாலு வாரம் இருக்கிறது.

மார்ச் 15, புதன்

கான்வென்ட்டில் மதர் பெர்னதெத், கணக்கு வராவிட்டால் அழாதே, கட்டம் போடு என்பார். கட்டம் போட்டேன். பெயர், வயது, மாத்திரை அளவு, எண், சாப்பாடு. ஒன்பது பெயர்களையும் எழுதினேன். சாப்பாடு என்ற கட்டத்தில் எல்லாருக்கும் 'வழக்கம் போல' என்று எழுதிக்கொண்டே வந்தேன். தாசில்தாருக்கு அப்படி எழுத முடியவில்லை. அவர் நேற்று வரிசையில் நின்று அரை மணி நேரம் தன் வீட்டு நெத்திலிக் குழம்பைப் பற்றிப் பேசினார். நாங்கள் எல்லாரும் எச்சில் விழுங்கிக்கொண்டு கேட்டோம்.

'நெத்திலி' என்று எழுதினேன், அவருக்குத் தவக்காலம் கிடையாது. பிறகு பேனாவை வைத்துவிட்டேன்.

மச்சாதுக்குப் போன் செய்தேன். நானாக ஒரு ஆண்பிள்ளைக்குப் போன் செய்தது என் வீட்டுக்காரர் போன பிறகு இதுதான் முதல் தடவை. மருத்துவக் காரணம்.

"மச்சாது, நேத்து மத்தியானம் என்ன சாப்பிட்டிய?"

"கீரதான் அக்கா. தவக்காலம்லா."

"ஒங்க நம்பர் அப்படிச் சொல்லலியே."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"அக்கா, பாவசங்கீர்த்தனம் கேக்க சாமியார்லா இருக்காரு. நீங்க எப்போ பட்டம் வாங்குனிய?"

"என்ன மீன்?"

"சீலா. துண்டு சின்னதுதான்." பிறகு கேட்காமலே சொன்னார். "ஞாயித்துக்கெழம கொஞ்சம் கோழி. பொண்டாட்டி இருந்த வரைக்கும் நாப்பது நாளும் இருந்தேன் அக்கா. தனியாளுக்குக் கீரைய ஆய்ஞ்சு, உருவி... கை வரல. பொய் சொல்லல, வைராக்கியம் இல்ல, அவ்வளவுதான்."

திட்டத்தான் போன் செய்தேன். "நாளைக்கு மத்தியானம் இங்க வாங்க, நான் ஆயுதேன்" என்று சொல்லியிருக்கிறேன். ஏன் என்று தெரியவில்லை.

ஆக, எங்கள் எண்ணை இறக்கியது கீரை. இரண்டு வேளையும் சாப்பிட்ட நான் எல்லாரையும்விடக் கீழே. அதாவது, அந்தக் கூடத்தில் தவக்காலத்தை மிகச் சரியாக அனுசரித்தவள் நான் என்பதற்கு ரத்தத்தில் அத்தாட்சி இருக்கிறது.

ரெஜினாவின் எண் 2.6. இதைப் பற்றி மேலே எழுதப்போவதில்லை.

கதவைச் சாத்திவிட்டு மூன்று முறை சிரித்தேன்.

மார்ச் 17, வெள்ளி

செவ்வாய் வரை காத்திருக்கவில்லை. கட்டம் போட்ட தாளுடன் டாக்டரிடம் போனேன். மச்சாதும் கூட வந்தார். நேற்று மதியம் அவருக்குக் கீரை போடவில்லை. திடீரென்று சாப்பிட்டால் அவர் எண் இறங்கிவிடுமே என்று இலை போடும்போதுதான் நினைவு வந்தது. ரசமும் உருளைக்கிழங்கும் போட்டேன். மீன் இல்லாமல் ஒரு வேளை சாப்பிட்டார். அது போதும்.

டாக்டர் தாளை மேலிருந்து கீழ் வரை படித்தார். நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"சாப்பாடு மாறுச்சான்னு ஒவ்வொருத்தரையும் கேட்டனுங்களே! ஒருத்தர் விடாம இல்லைன்னீங்களே!"

"மாறலியே" என்றேன். "வருஷா வருஷம் இதேதான்."

"தவக்காலத்துல கீர சாப்பிடுதது சாப்பாட்ட மாத்துததுல சேராது டாக்டர்" என்றார் மச்சாது. சாப்பிடாத மனிதர்!

டாக்டர் மேஜையில் சாய்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர். கீரையில் இருக்கும் ஒரு சத்து மாத்திரையின் வேலையை அப்படியே அழித்துவிடுமாம். பிறகு சட்டென்று சிரிப்பு நின்றது.

"ஈஸ்டர் அன்னிக்கு என்ன சமையலுங்க?"

"ஆட்டுக்கறி. பிரியாணி."

"கீரை?"

"அன்னைக்கு அத யாரு திரும்பிப் பாப்பா?" என்றார் மச்சாது.

டாக்டர் நாள்காட்டியைத் திருப்பினார். அவர் சொல்வதற்குள் எனக்கும் புரிந்துவிட்டது. கீரையை எதிர்க்கத்தான் எல்லாருக்கும் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார். ஈஸ்டர் அன்று ஆறு பேரும் ஒரே நாளில் கீரையை நிறுத்தினால், கூட்டிய மாத்திரை தடுக்க ஆளில்லாமல் ஓடும். எண் எங்கேயோ போய் நிற்கும். பல் தேய்த்தால் ரத்தம், தலையில் இடித்தால் உயிர்.

தீர்ப்பு இதுதான்: கீரை சாப்பிடுகிறவர்கள் தினமும் ஒரே அளவு, ஒரு கரண்டி, ஈஸ்டரிலும், ஈஸ்டருக்குப் பிறகும். அதற்குத் தகுந்தபடி அவர் மாத்திரையைச் சரி செய்வார். சாப்பிடாதவர்கள் புதிதாகத் தொடங்கக் கூடாது. தெருக்காரர்களிடம் சொல்லும் வேலையை என்னிடம் கொடுத்தார்.

மார்ச் 21, செவ்வாய்

1.9. ஏறுகிறது.

கூடத்தில் எழுந்து நின்று விளக்கினேன். கரண்டியையே கொண்டுபோயிருந்தேன், ஆளுக்கொரு கரண்டி ஆளுக்கொரு அளவாக இருக்கக் கூடாதே. எல்லாரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். மீரான் தன் மெஷினைத் தட்டிக் கொடுத்தார்.

"அப்போ நானும் இன்னைலேர்ந்து ஒரு கரண்டி கணக்குதான்" என்று ரெஜினா உரக்கச் சொன்னாள். சொல்லாமல் வேறென்ன செய்வாள், தெருவே இருக்கிறது.

அவள் அப்படிச் செய்தால் எண் இறங்கும். எனக்கு விழுந்தது தட்டு. அவளுக்கு என்ன விழுமோ. வெளியே வந்ததும் செருப்பு மாட்டும் இடத்தில் அவளை நிறுத்தினேன்.

"ரெஜினா, நீ இப்போ என்ன சாப்பிடுதியோ அதையே சாப்பிடு. கூட்டாத, குறைக்காத."

"நான் என்ன சாப்பிடுதேன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது" என்றேன்.

பொய். இரண்டு பேரும் சிறிது நேரம் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மாலையில் அவள் வீட்டிலிருந்து முட்டையும் முந்திரியும் அடித்துச் செய்த மக்ரூன் ஒரு டப்பா வந்தது. ஈஸ்டருக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

மார்ச் 28, செவ்வாய்

2.2. மச்சாது இப்போது செவ்வாய்க்கிழமைகளில் பரிசோதனை முடிந்து இங்கேதான் காலைச் சாப்பாடு. இட்லி மூன்று. நாலாவது வைத்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடுகிறார்.

ஏப்ரல் 4, செவ்வாய்

2.4. புனித வாரம் என்பதால் யாரும் கை தட்டவில்லை. உள்ளுக்குள் தட்டிக்கொண்டேன்.

ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு

நேற்று ரெக்ஸ் வந்தான். மருமகளும் பேரனும் பரீட்சை என்று வரவில்லை. ராத்திரி பாஸ்கா பூசைக்கு என்னைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனான். பிடி தேவையில்லை, ஆனால் எடுக்கச் சொல்லவில்லை.

மதியம் ஆட்டுக்கறி, சோறு, அப்பளம். என் ஒரு கரண்டி கீரையைச் சின்னக் கிண்ணத்தில் தனியாக வைத்திருந்தேன். ரெக்ஸ் கறியைத் தள்ளிவிட்டு அதை எடுத்தான்.

"மம்மி, இத சென்னையில யாரும் பண்ண மாட்டேங்காங்க. தேங்காய் போட்டு, இப்படி உதிரியா..."

அவன் கிண்ணத்தை விரலால் வழித்துச் சாப்பிட்டான். ஐம்பது வயது. மீசை நரைத்துவிட்டது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மரத்தில் எட்டும் கொப்புகளையெல்லாம் நாற்பது நாளில் மொட்டையடித்துவிட்டேன். நாளைக்கு மட்டும் கொஞ்சம் மிச்சம்.

மக்ரூன் நன்றாக இருந்தது. மச்சாது ஒரு டஜன் சாப்பிட்டார். ரெஜினாவும் வந்தாள்.

ஏப்ரல் 10, திங்கள்

மீதிக் கீரையையும் செய்தேன். ரெக்ஸ் ஐந்து மணி ரயிலுக்குக் கிளம்ப வேண்டும். நேற்று மாதிரி கீரை இருக்கா என்று கேட்டான். இருந்தது. போட்டேன். கேட்ட பிள்ளைக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது?

சட்டி ஓரத்தில் ஒட்டியிருந்ததைச் சுரண்டினேன். கரண்டி நிறையவில்லை. அடுத்த வீட்டில் கேட்டு வாங்கிப் பழக்கம் இல்லை.

ஏப்ரல் 11, செவ்வாய்

3.1.

மீரான் தாளை உடனே கொடுக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே நின்றார். தேதியைப் பற்றி அவருக்குத் தெரியும். வரிசையில் எல்லாருக்கும் தெரியும்.

"எம்மா, ஒரு புள்ளிதான். மூணுன்னு எழுதட்டுமா?"

"மூணு புள்ளி ஒண்ணு எவ்வளவோ அவ்வளவு எழுதுங்க, மீரான்."

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, ஆனாலும் மச்சாதின் நெஞ்சு டிக் டிக் என்பது எனக்குக் கேட்டது. டாக்டர் தாளைப் பார்த்துச் சிரித்தார். இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லீங்கம்மா, ரெண்டு நாள்ல தானா இறங்கும் என்றார். மருத்துவத்தில் இருக்கலாம். நிபந்தனையில் பொருட்டு.

வீட்டுக்கு வந்து ரெக்ஸுக்குக் கடிதம் எழுதினேன். மச்சாது தபாலில் சேர்க்க வெளியே காத்திருக்கிறார். நகலை இங்கே வைக்கிறேன்.

அன்புள்ள ரெக்ஸ்,

இன்று என் எண் 3.1. நீ சொன்ன எல்லையைத் தாண்டிவிட்டது. தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். ஏன் தாண்டியது என்று எனக்குத் தெரியும். அதை எழுதப்போவதில்லை. இனி நடக்காது என்றும் சொல்ல மாட்டேன். நீ வரும்போதெல்லாம் நடக்கலாம்.

செப்டம்பரிலிருந்து ஜனவரி வரை இரவு மாத்திரையை விட்டேன். பணம் போதவில்லை. இந்த வாக்கியத்தை எழுத எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. பிப்ரவரியிலிருந்து ஒரு மாத்திரை கூட விடவில்லை. என் சொல்லை மட்டும் நம்ப வேண்டாம், டாக்டரைக் கேள்.

இங்கே எனக்குச் செவ்வாய்க்கிழமை இருக்கிறது. ஒன்பது பேர் இருக்கிறார்கள். என் கரண்டியைப் பார்த்து நாலு வீட்டில் அதே அளவு கரண்டி வாங்கியிருக்கிறார்கள். இதைப் பூட்டி வைத்துவிட்டு வர எனக்கு மனம் இல்லை.

நான் கேட்டு வாங்கிப் பழக்கம் இல்லாதவள் என்று உனக்குத் தெரியும். இப்போது இரண்டு கேட்கிறேன். ஒன்று, இன்னும் மூன்று மாதம் தவணை. இரண்டு, ரத்தப் பரிசோதனைச் செலவை இனி நீ கொடு. மாத்திரையை நான் வாங்கிக்கொள்கிறேன்.

போனில் பேசினால் நீயும் நானும் மாற்றி மாற்றிப் பேசுவோம். சம்மதமா, இல்லையா என்பதை உன் கையெழுத்தில் எழுதி, இந்த வாரத்துக்குள் தபாலில் அனுப்பு.

மம்மி